மாற்றுக் கட்சித் தலைவரைப் புகழ்ந்தால் சட்டம் நிறைவேறுமா?

வாசகர் கேள்வி – பதில்

எதிர்த் தரப்புத் தலைவர்களை மேடையேறிப் பாராட்டி, அந்தப் பாராட்டின் வழியாகத் தம்முடைய முற்போக்குத் திட்டங்களுக்கு ஆதரவு தேடும் அரசியல்வாதிகளைப் பற்றி வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். இந்த வழக்கம் வெளிப்படையாகவும் போதிய பதிவுகளோடும் காணக் கிடைப்பது அமெரிக்க அரசியலில்தான் என்பதால், பதில்களுக்கான உதாரணங்களையும் அங்கிருந்தே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஒபாமா, குடியரசுக் கட்சியினர் கொண்டாடும் ரொனால்ட் ரீகனை ஏன் அவ்வளவு புகழ்ந்தார்? அதனால் அவருக்கு ஏதேனும் பயன் கிடைத்ததா?

பதில்: ஒபாமா ரீகனைப் புகழ்ந்ததில் இரண்டு கட்டங்கள் உண்டு, அவற்றைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. முதலாவது, 2008 ஜனவரியில், கட்சி வேட்பாளருக்கான போட்டி மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, நெவாடா மாநிலத்தின் ரீனோ நகர நாளிதழ் ஒன்றின் ஆசிரியர் குழுவிடம் அவர் பேசியது. ரிச்சர்ட் நிக்சனும் பில் கிளின்டனும் செய்யாத விதத்தில் நாட்டின் போக்கை ரீகன் மாற்றினார் என்று அப்போது சொன்னார். ரீகனின் கொள்கைகள் நல்லவை என்று அவர் கூறவில்லை. மக்களின் மனநிலையை அறிந்து, மாற்றுக் கட்சி வாக்காளர்களையும் தம் பக்கம் ஈர்த்து, ஒரு தலைமுறைக்கான திசையை வகுத்தவர் என்ற அளவில்தான் பாராட்டினார். அதே அளவுக்குப் பெரிய திருப்பத்தைத் தாமும் ஏற்படுத்த முடியும் என்பதே அதன் உட்பொருள்.

இரண்டாவது கட்டம், அவர் அதிபரான பிறகு, குறிப்பிட்ட ஒரு சட்டத்துக்காக ரீகனை அழைத்து வந்தது. பெரும் முதலீட்டாளரான வாரன் பஃபெட், தம் அலுவலக ஊழியர்களைவிடக் குறைந்த விகிதத்தில் தாம் வரி கட்டுவதாக 2011-ல் வெளிப்படையாக எழுதினார். அதையொட்டி, ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்கள் குறைந்தது 30 சதவீத வரியாவது கட்ட வேண்டும் என்ற யோசனை ‘பஃபெட் விதி’ என்ற பெயரில் முன்வைக்கப்பட்டது. 2012 ஏப்ரலில் அதற்கு ஆதரவு திரட்டிய ஒபாமா, ரீகன் 1985-ல் பேசியதை எடுத்துக்காட்டி, நாடாளுமன்றத்தில் சிலரின் மனம் மாற உதவுமானால் இதற்கு ‘ரீகன் விதி’ என்றே பெயர் வைத்துவிடலாம் என்றார்.

ரீகனின் அந்தப் பேச்சு நிகழ்ந்த விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். 1985 ஜூன் மாதம் அட்லாண்டா நகரின் உயர்நிலைப் பள்ளி ஒன்றில், வரிச் சீர்திருத்தம் குறித்து அவர் உரையாற்றினார். சட்டத்தில் உள்ள ஓட்டைகளால் கோடீஸ்வரர்கள் சிலர் ஒன்றுமே கட்டாமல் தப்பிக்கும்போது, பேருந்து ஓட்டுநர் தம் சம்பளத்தில் 10 சதவீதத்தை வரியாகக் கட்டுகிறார், இது பைத்தியக்காரத்தனம் என்றார். பிறகு எதிரே இருந்தவர்களைப் பார்த்து, கோடீஸ்வரர் ஓட்டுநரைவிட அதிக வரி கட்ட வேண்டுமா, குறைவாகக் கட்ட வேண்டுமா என்று கேட்டார். அதிகம் என்று கூட்டம் உரக்கப் பதில் சொன்னது. ஒரு முற்போக்குவாதி தம் கட்சிக் கூட்டத்தில் எழுப்பும் கேள்விக்கும் இதற்கும் வேறுபாடு காண்பது கடினம். ஆகவே ஒபாமா எடுத்த மேற்கோளில் பொய் இல்லை.

ஆனாலும் பயன் கிடைக்கவில்லை. 2012 ஏப்ரல் 16-ல் செனட்டில் 51 பேர் ஆதரவாகவும் 45 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள், மசோதாவை விவாதத்துக்கு எடுக்கவே தேவைப்பட்டது 60. குடியரசுக் கட்சியிலிருந்து ஆதரித்தவர் சூசன் காலின்ஸ் ஒருவர் மட்டுமே. ரீகன் வரி ஓட்டைகளை அடைக்கச் சொன்னதோடு வரி விகிதத்தையும் வெகுவாகக் குறைத்தவர் என்பது அக்கட்சியினரின் வாதம். அதுவும் உண்மைதான்: தனிநபர் வருமான வரியின் உச்ச விகிதம் அவர் பதவியேற்றபோது 70 சதவீதமாக இருந்தது, அவர் விடைபெறும்போது 28 சதவீதம். ஆனால் உச்ச விகிதத்தை 28 சதவீதமாக்கிய அதே 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில், பங்கு, நிலம் போன்ற சொத்துகளை விற்றுக் கிடைக்கும் மூலதன ஆதாயத்தின் மீதான வரி 20-லிருந்து 28 சதவீதமாக உயர்த்தப்பட்டதை அவர்கள் நினைவில் வைத்திருக்கவில்லை. ஒரு தலைவரின் பெயர் ஒரு கட்சிக்குள் எந்த நினைவோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதோ, அந்த நினைவுதான் வாக்கெடுப்பில் எடுபடுகிறது. வெளியிலிருந்து வருபவர் ஒரு பழைய உரையைக் கொண்டு அதை மாற்றிவிட முடியாது.

கேள்வி: உள்ளத்தில் உடன்பாடு இல்லாத ஒருவரைக் காரியத்துக்காகப் புகழ்வது பாசாங்கு ஆகாதா?

பதில்: புகழப்படும் செயல் உண்மையில் நடந்ததாகவும், புகழ்பவர் அதை உண்மையிலேயே மதிப்பதாகவும் இருந்தால், பாசாங்கு என்று சொல்ல மாட்டேன். ஒரு மனிதரின் எல்லாச் செயல்களையும் ஏற்றுக்கொண்டால்தான் அவருடைய ஒரு நல்ல செயலைச் சொல்லலாம் என்று விதி வைத்தால், அரசியலில் யாரும் யாரையும் பாராட்ட முடியாது. இடிப்பது எங்கே என்றால், அந்தச் செயலை அதன் சூழலிலிருந்து பிய்த்தெடுத்து, அவர் ஒருபோதும் கொள்ளாத கருத்தை அவர் மேல் ஏற்றும்போதுதான்.

2011 டிசம்பரில் கான்சஸ் மாநிலத்தின் ஓசவாட்டமி என்ற சிற்றூரில் ஒபாமா ஆற்றிய உரையை இதற்கு நல்ல உதாரணமாகக் கொள்ளலாம். 1910-ல் அதே ஊரில்தான் தியோடர் ரூஸ்வெல்ட், பெருநிறுவனங்களைக் கட்டுப்படுத்துவது, செல்வர்களின் வருமானத்துக்குப் படிப்படியாக உயரும் வரி விதிப்பது, தொழிலாளர் நலனைப் பாதுகாப்பது ஆகியவற்றை வற்புறுத்தினார். குடியரசுக் கட்சியின் அதிபராக இருந்தவர் ரூஸ்வெல்ட். அவர் சொன்னவற்றில் பலவற்றை ஒபாமா அப்படியே எடுத்தாள முடிந்தது. எதையும் திரிக்க வேண்டியிருக்கவில்லை. பாசாங்கு இல்லாத பாராட்டு அது. எனினும் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அந்த உரைக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1912-ல், ரூஸ்வெல்ட் தம் கட்சியை விட்டே வெளியேறித் தனிக் கட்சியின் சார்பில் போட்டியிட்டார். எதிர்க்கட்சியில் நம் கருத்தோடு மிகவும் ஒத்துப்போகும் தலைவரைத் தேடினால், பெரும்பாலும் அந்தக் கட்சியே ஓரங்கட்டிய ஒருவரிடம்தான் போய் நிற்போம். அவரைப் புகழ்ந்தால் நம் ஆதரவாளர்கள் மகிழ்வார்கள். எதிர்த் தரப்பில் யாருக்கும் அது உறைக்காது.

கேள்வி: அப்படியானால் இந்த உத்தியால் ஒரு முற்போக்குச் சட்டமாவது நிறைவேறியது உண்டா? உதாரணம் தர முடியுமா?

பதில்: உண்டு, அதுவும் 20-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் மிக முக்கியமான சட்டங்களில் ஒன்று. பொது இடங்களிலும் வேலைவாய்ப்பிலும் இன ஒதுக்கலைத் தடை செய்த 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தைச் சொல்கிறேன்.

அப்போது செனட்டில் ஜனநாயகக் கட்சிக்கு 67 இடங்கள், குடியரசுக் கட்சிக்கு 33. கணக்கு எளிதாகத் தோன்றும். ஆனால் தென்மாநிலங்களைச் சேர்ந்த ஜனநாயகக் கட்சியினரே மசோதாவின் கடுமையான எதிரிகள். ஓயாமல் பேசிப் பேசியே மசோதாவை முடக்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது. விவாதத்தை முடித்துவைக்க வேண்டுமானால் அன்றைய விதிப்படி மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை. அதிபர் லிண்டன் ஜான்சன் தம் சொந்தக் கட்சியின் ஒரு பகுதியைத் தோற்கடிக்க, எதிர்க்கட்சியின் பெரும்பகுதியைத் தம் பக்கம் கொண்டுவந்தாக வேண்டும். செனட்டில் அக்கட்சியின் தலைவராக இருந்தவர் இல்லினாய்ஸ் மாநிலத்தின் எவரெட் டர்க்சன். அவருக்கோ, தனியார் உணவகங்களிலும் நிறுவனங்களிலும் மத்திய அரசு தலையிடும் பிரிவுகள் குறித்து உண்மையான தயக்கம் இருந்தது.

மசோதாவைச் செனட்டில் நடத்திச் செல்லும் பொறுப்பு ஹியூபர்ட் ஹம்ஃப்ரியிடம் இருந்தது. தம் கட்சியிலேயே முற்போக்காளர் என்று பெயர் பெற்ற அவர், 1964 மார்ச்சில் தொலைக்காட்சி நேர்காணல் ஒன்றில், டர்க்சன் கட்சியைவிட நாட்டை முன்னே வைத்துச் சிந்திப்பவர், இறுதியில் இம்மசோதாவை ஆதரிப்பார் என்று நாடறியப் பாராட்டினார். அப்போது டர்க்சன் எந்த உறுதியும் தந்திருக்கவில்லை. ஜான்சனுக்கு இந்த அணுகுமுறை மிகவும் பிடித்திருந்தது. டர்க்சனை விடாமல் சந்தித்துப் பேசவும், அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கவும் ஹம்ஃப்ரியை அவர் ஊக்கப்படுத்தினார்.

இங்கே கவனிக்க வேண்டியது, புகழ்ச்சியைத் தொடர்ந்து வந்த காரியங்களை. பேச்சுவார்த்தைகள் டர்க்சனின் அலுவலகத்திலேயே நடந்தன. அவர் கொண்டுவந்த திருத்தங்களில் பல ஏற்கப்பட்டன: சொந்தமாகச் சட்டம் வைத்திருக்கும் மாநிலங்களின் அமைப்புகளுக்குப் புகார்களைத் தீர்க்க முதலில் வாய்ப்பு தரப்பட்டது, பாகுபாடு தொடர் வழக்கமாக இருக்கும் இடங்களில் மத்திய அரசின் தலைமை வழக்கறிஞர் நேரடியாக வழக்குத் தொடுக்கலாம் என்று வரையறுக்கப்பட்டது. மசோதாவின் உயிர்நாடி சிதையவில்லை. அதே நேரத்தில், இது என்னுடைய மசோதாவும்தான் என்று தம் கட்சிக்காரர்களிடம் சொல்லும் உரிமை டர்க்சனுக்குக் கிடைத்தது. வெறும் வாய்ச்சொல்லாக நின்றிருந்தால் அந்தப் பாராட்டு ஒரு வாக்கையும் கொண்டுவந்திருக்காது என்றே நம்புகிறேன்.

ஜூன் 10-ல் விவாதத்தை முடிக்கும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. கலிபோர்னியா செனட்டர் கிளேர் எங்கிள் மூளைக் கட்டியால் பேச்சிழந்திருந்தார். சக்கர நாற்காலியில் அவையில் இருந்த அவர், தம் பெயர் அழைக்கப்பட்டபோது கையை உயர்த்தித் தம் கண்ணைச் சுட்டிக்காட்டி, ஆங்கிலத்தில் கண்ணைக் குறிக்கும் சொல்லும் ஆதரவு வாக்கைக் குறிக்கும் சொல்லும் ஒரே ஒலி உடையவை என்பதால், தாம் ஆதரிப்பதை அவைக்குத் தெரிவித்தார். தீர்மானம் 71-க்கு 29 என்று நிறைவேறியது. ஆதரித்தவர்களில் 27 பேர் குடியரசுக் கட்சியினர். அக்கட்சியின் 33 பேரில் எதிர்த்தவர்கள் 6 பேர் மட்டுமே. அவர்களில் ஒருவரான பாரி கோல்ட்வாட்டர்தான் அடுத்த மாதமே அதிபர் வேட்பாளராகத் தேர்வானார் என்பதிலிருந்து, டர்க்சன் எவ்வளவு பெரிய எதிர்க்காற்றில் நின்றார் என்பது விளங்கும்.

பிரதிநிதிகள் சபையில் இதே பங்கை ஆற்றியவர் ஒஹாயோவின் வில்லியம் மெக்கல்லக். அவருடைய தொகுதியில் கறுப்பின வாக்காளர்கள் மிகக் குறைவு. இந்தச் சட்டத்தால் அவருக்குத் தேர்தல் லாபம் எதுவும் இல்லை. ஆதரவு தருவதற்கு அவர் கேட்டவை இரண்டு: செனட்டில் மசோதாவைத் தம் சம்மதமின்றி நீர்த்துப்போகச் செய்யக் கூடாது, வெற்றியில் தம் கட்சிக்கும் உரிய பெருமை தரப்பட வேண்டும். இரண்டும் ஏற்கப்பட்டன.

கேள்வி: ஆளும் தரப்பின் தலைவர் புகழ்ந்தால், புகழப்பட்டவருக்குச் சொந்தக் கட்சியில் சிக்கல் வராதா?

பதில்: வரும். இந்த உத்தியில் மிகக் குறைவாகப் பேசப்படும் ஆபத்து இதுதான். கேட்டவருக்கு நன்றி.

2009 பிப்ரவரியில், பொருளாதாரச் சரிவை நிறுத்தும் ஊக்கத் திட்டத்துக்கு ஆதரவு தேடி ஒபாமா புளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸ் நகருக்குச் சென்றார். குடியரசுக் கட்சியைச் சேர்ந்த மாநில ஆளுநர் சார்லி கிறிஸ்ட் மேடையில் அவரை வரவேற்று, திட்டத்தை ஆதரித்தார். இருவரும் மேடையில் தழுவிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு கிறிஸ்ட் செனட் தேர்தலுக்கு நின்றபோது, அந்தத் தழுவலின் படம் அவருக்கு எதிராகத் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. கட்சிக்குள் மார்கோ ரூபியோ முந்திவிட, கிறிஸ்ட் கட்சியிலிருந்து விலகிச் சுயேச்சையாக நின்று தோற்றார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்கள் என்ன பாடம் கற்றிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்திலும் இதே கதைதான். மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்த குடியரசுக் கட்சியின் மிட் ராம்னி, 2006-ல் எல்லோருக்கும் காப்பீடு கிடைக்க வழிசெய்யும் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஜனநாயகக் கட்சியின் செனட்டர் எட்வர்ட் கென்னடியும் அந்த விழாவில் உடன் இருந்தார். நல்லதொரு கூட்டு முயற்சி அது. ஒபாமாவின் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் பெருமளவு அந்த வடிவமைப்பைப் பின்பற்றியது, அதை அவர் தரப்பு மறைக்கவும் இல்லை. ஆனால் இறுதி வாக்கெடுப்பில் குடியரசுக் கட்சியிலிருந்து ஒரு வாக்குகூட வரவில்லை. 2012 தேர்தலுக்குத் தயாரான ராம்னியோ, தம் சாதனையைப் பற்றி எதிராளி புகழ்ந்து பேசப் பேச, மாநிலத்துக்குப் பொருந்தியது நாட்டுக்குப் பொருந்தாது என்று விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று.

இதை நன்கு உணர்ந்திருந்தவர் அதிபர் ஹாரி ட்ரூமன். போரால் சிதைந்த ஐரோப்பாவைச் சீரமைக்கும் உதவித் திட்டம், குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை கொண்ட நாடாளுமன்றத்தைத் தாண்ட வேண்டியிருந்தபோது, அதற்குத் தம் பெயர் வேண்டாம் என்று அவர் முடிவு செய்தார். இரு தரப்பாரும் மதித்த வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் மார்ஷலின் பெயரே அதற்கு நிலைத்தது. செனட்டில் அதை முன்நின்று நடத்திய குடியரசுக் கட்சியின் ஆர்தர் வாண்டன்பெர்க்குக்குத் திருத்தங்கள் செய்யவும் பெருமை கொள்ளவும் இடம் விட்டார்கள். 1948 ஏப்ரலில் அது சட்டமானது. எதிராளிக்குத் தர வேண்டிய மதிப்பைத் தாம் ஒதுங்கி நிற்பதன் மூலமாகவும் தரலாம். சில நேரங்களில் அதுவே பாதுகாப்பான வழி.

கேள்வி: சொந்தக் கட்சித் தொண்டர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்?

பதில்: பெரும்பாலும் வருத்தத்தோடு. 2008-ல் ஒபாமா ரீகனைப் பற்றிச் சொன்னதை, கட்சி வேட்பாளர் போட்டியில் அவரை எதிர்த்து நின்ற ஹில்லரி கிளின்டனும் ஜான் எட்வர்ட்ஸும் கடுமையாக விமர்சித்தார்கள். ரீகனின் காலத்தில் நலத்திட்டங்கள் வெட்டப்பட்டதையும் தொழிற்சங்கங்கள் பலமிழந்ததையும் அனுபவித்தவர்களுக்கு அந்த வார்த்தைகள் வலித்திருக்கும். அந்த வலியை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். எதிராளியின் தலைவரை ஒரு தரப்பு இடைவிடாமல் போற்றினால், அவர் விட்டுச்சென்ற மற்ற கொள்கைகளுக்கும் மரியாதை கூடிவிடுகிறது. அடுத்த தேர்தலில் அந்த மரியாதையை எதிர்த்தே போராட வேண்டி வரும். ஆகவே ஆளை முழுவதுமாகத் தூக்கிப் பிடிக்காமல், இன்ன ஆண்டில், இன்ன வாக்கெடுப்பில், இன்ன நிலைப்பாட்டை எடுத்தார் என்று செயலை மட்டும் குறிப்பிட்டுப் பாராட்டுவதே முறை.

கேள்வி: மக்கள் கொள்கையைப் பார்க்கிறார்களா, சொல்பவர் யார் என்று பார்க்கிறார்களா? ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

பதில்: உளவியலாளர் ஜெஃப்ரி கோஹன் 2003-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியான பதிலைத் தருகிறது. தாராளமான நலத்திட்டம் ஒன்றையும் கறாரான நலத்திட்டம் ஒன்றையும் கல்லூரி மாணவர்கள் முன் வைத்து, இதை உங்கள் கட்சி ஆதரிக்கிறது என்று சொன்னபோது, தம் கொள்கைக்கு முரணான திட்டத்தையும் அவர்கள் ஏற்றார்கள். கட்சியைப் பார்த்துத்தான் முடிவெடுத்தோம் என்பதை ஒப்புக்கொள்ளவும் இல்லை, திட்டத்தின் உள்ளடக்கத்தை எடைபோட்டதாகவே நம்பினார்கள். மேத்யூ ஃபைன்பெர்க், ராப் வில்லர் இருவரும் 2015-ல் வெளியிட்ட ஆய்வு, முற்போக்குக் கொள்கைகளைப் பழமைவாதிகள் மதிக்கும் விழுமியங்களின் மொழியில் எடுத்துச் சொன்னால் ஆதரவு கூடுகிறது என்று காட்டியது. ஒருபாலினத் திருமணத்தைச் சமத்துவத்தின் பெயரால் வாதிடுவதைவிட, ஒருபாலினத் தம்பதியரும் பெருமைமிக்க தேசபக்தர்களே என்று வாதிட்டது பழமைவாதிகளிடம் எடுபட்டது. ஆனால் அப்படி எழுதச் சொன்னால் எழுதத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே.

இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. எதிர்த் தரப்பு வாக்காளரை அசைப்பது, நாம் அவர்கள் தலைவரைப் புகழ்வது என்பதைவிட, அந்தத் தலைவரே முன்வந்து நம் கொள்கையை ஆதரிப்பதுதான்.

கேள்வி: அப்படித் தலைவரே முன்வந்த சம்பவம் உண்டா?

பதில்: ரீகனே செய்திருக்கிறார். 1981 மார்ச் 30-ல் அவரைச் சுட்டவனின் குண்டு, அவருடைய செய்திச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடியை வாழ்நாள் முழுவதும் முடக்கிப்போட்டது. துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்கும் பிரேடி மசோதாவை 1991-ல் ரீகன் நாளிதழ்க் கட்டுரை எழுதி ஆதரித்தார். 1993-ல் பில் கிளின்டன் அதில் கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டு, தாக்குதல் ரகத் துப்பாக்கிகளைத் தடை செய்யும் மசோதாவுக்கு ஆதரவு கேட்டு, முன்னாள் அதிபர்கள் ஃபோர்டு, கார்ட்டர் ஆகியோரோடு சேர்ந்து ரீகன் பிரதிநிதிகள் சபைக்குக் கடிதம் எழுதினார். அந்த மே மாத வாக்கெடுப்பின் முடிவு 216-க்கு 214. இவ்வளவு நெருக்கமான வாக்கெடுப்பில் அந்தக் கடிதத்துக்குப் பங்கு இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: வாக்கெடுப்பு முடிந்த பிறகு பாராட்டுவதால் என்ன லாபம்?

பதில்: அடுத்த வாக்கெடுப்புக்கான நம்பிக்கை. 2021-ல் ஜோ பைடன் கொண்டுவந்த உள்கட்டமைப்பு மசோதா, ஈயக் குடிநீர்க் குழாய்களை மாற்றுவதற்கும் பொதுப் போக்குவரத்துக்கும் பெருந்தொகை ஒதுக்கியது. செனட்டில் 69-க்கு 30 என்ற கணக்கில் நிறைவேறியபோது, குடியரசுக் கட்சியின் 19 பேர் ஆதரித்தார்கள். அக்கட்சியின் அப்போதைய செனட் தலைவர் மிட்ச் மெக்கானல் அவர்களில் ஒருவர். பைடனின் மற்றத் திட்டங்கள் அநேகமாக அனைத்தையும் எதிர்த்தவர் அவர். 2023 ஜனவரியில், கென்டக்கியையும் ஒஹாயோவையும் இணைக்கும் பழைய பாலத்துக்கு 160 கோடி டாலருக்கு மேல் நிதி கிடைத்ததை அறிவிக்க, பைடன் மெக்கானலின் சொந்த மாநிலத்துக்கே சென்றார். கென்டக்கியின் ஜனநாயகக் கட்சி ஆளுநரும் ஒஹாயோவின் குடியரசுக் கட்சி ஆளுநரும் மேடையில் இருந்தார்கள். மெக்கானலோடு தமக்குப் பலவற்றில் உடன்பாடு இல்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டு, கொடுத்த வாக்கைக் காப்பாற்றுபவர் என்று அவர் முன்னிலையிலேயே பைடன் பாராட்டினார். மெக்கானலின் வாக்காளர்கள் அன்றாடம் வண்டி ஓட்டிச் செல்லும் பாலத்துக்குப் பணம் வந்திருந்தது. அந்தப் பெருமையில் தம் பங்கை அவர் மறுக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.